விருந்தினர் ஆதாரை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள்: மறுக்கலாமா?

கேத்தி காட்டேஜ் (இழையைத் தொடங்கியவர்)

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சீசனில் அறைகள் நிறையும், மழைக்காலத்தில் ஈ ஓட்டுவேன். வருகிறவர்களின் பெயர், முகவரி, வண்டி எண் எல்லாம் பதிவேட்டில் எழுதி வைப்பது வழக்கம். காவலர் எப்போதாவது வந்து புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

சில மாதங்களாக வேறு ஏற்பாடு. எங்கள் பகுதி விடுதிக்காரர்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அன்றன்று தங்குகிற ஒவ்வொருவரின் ஆதார் அட்டையையும் முன்னும் பின்னும் படம் பிடித்து இரவு ஒன்பது மணிக்குள் அதில் போட வேண்டும். குழுவில் விடுதிக்காரர்கள் இருக்கிறார்கள், மேலாளர்கள் இருக்கிறார்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள் சிலரும் இருக்கிறார்கள். காவல்துறையைச் சேர்ந்தவர் யார், சேராதவர் யார் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு புதுமணத் தம்பதியின் அட்டைகள் என் கைபேசிக்கு வந்து விழுந்தன. அந்தப் பெண்ணின் பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண்ணோடு சொந்த ஊர் முகவரி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கீழே யாரோ ஒருவர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார். எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் உறுத்தியது.

உத்தரவை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். "பொதுப் பாதுகாப்பு மேடம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. நான் அனுப்பாவிட்டால் குற்றமா? அனுப்பினால் விருந்தினருக்குச் செய்யும் துரோகமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூடுபனி

இதில் என்ன பெரிய துரோகம்? ஆதாரை சிம் கார்டு வாங்கக் கொடுக்கிறோம், ரேஷன் கடையில் கொடுக்கிறோம், கல்யாண மண்டபத்துக்குக்கூடக் கொடுக்கிறோம். ஊட்டியில் அறை எடுக்கும்போது மட்டும் அந்தரங்கம் நினைவுக்கு வருகிறதா? எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க இருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும்.

சேரிங் கிராஸ்

மூடுபனி அண்ணா, சரி. உங்கள் ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் அடுத்த பதிவில் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

மூடுபனி

குதர்க்கம் பேசாதீர்கள் தம்பி. இது பொது இடம்.

சேரிங் கிராஸ்

அந்தக் குழு மட்டும் என்ன, உங்கள் வீட்டுப் பூஜை அறையா?

ஓய்வு எஸ்.ஐ. கூடலூர்

காக்கி போட்டவன் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம். நாடுகாணி, பாட்டவயல், சோலாடி, தாளூர் தாண்டினால் கேரளம். கூடலூரில் ஒரு தப்புச் செய்துவிட்டு வண்டி ஏறினால் டீ ஆறுவதற்குள் அடுத்த மாநிலத்தில் இருக்கலாம். மாவோயிஸ்ட் நடமாட்டம், கஞ்சா, போலி நம்பர் பிளேட் எல்லாவற்றையும் இந்த முச்சந்தியில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம். அப்போது எங்களுக்குக் கை கொடுத்தது லாட்ஜ் பதிவேடு. தூக்கமில்லாமல் வந்து நிற்கும் ஒரு தகப்பனிடம், உங்கள் பெண் பத்திரமாக இருக்கிறாள், இன்ன ஊரில் இன்ன அறையில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். பதிவேடு இல்லையென்றால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

குற்றத்தை மட்டும் நினைக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் நம் மலை சரிந்தது நினைவிருக்கும். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தேட முதலில் வேண்டியது பட்டியல்தான். ரேஷன் அட்டை விவரங்களை வைத்துத்தான் காணாமல் போனவர்களைக் கணக்கெடுத்தார்கள். அன்றிரவு ரிசார்ட்டில் யார் தங்கினார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லையென்றால் யாரைத் தேடுவது? தனியுரிமை பேசுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஊட்டி வழக்கறிஞர்

எஸ்.ஐ. ஐயா சொன்னதில் பாதி நியாயம். மறுபாதிக்குத்தான் அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியுரிமை அடிப்படை உரிமையா என்ற கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் வெகுகாலம் தெளிவான விடை தரவில்லை. 1954-ல் எட்டு நீதிபதிகள் எம்.பி.சர்மா வழக்கில் அப்படி ஓர் உரிமை அரசமைப்பில் இல்லை என்றார்கள். 1962-ல் கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருடைய வீட்டுக் கதவை நள்ளிரவில் போலீஸ் தட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டக் கூடாது என்றது நீதிமன்றம், ஆனால் அவர் எங்கே போகிறார், வருகிறார் என்று பின்தொடர்வதை விட்டுவிட்டது. நம் சென்னையிலிருந்து போன ஆட்டோ சங்கர் வழக்கில், 1994-ல், தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று சொல்லிப் பழைய குழப்பத்தை முடித்தார்கள்.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லையே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. அரசு அதில் கை வைக்கலாம், மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு. அதற்கு இடம் தரும் சட்டம் ஒன்று இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்கிறதா? இவற்றோடு, முறைகேட்டைத் தடுக்கும் நடைமுறைக் காப்பும் வேண்டும் என்று நீதிபதி கவுல் சேர்த்தார்.

கேத்தி அம்மாவின் விஷயத்தில் நோக்கம் நியாயம்தான். யாரும் மறுக்கவில்லை. அளவைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம். முதல் கேள்வியிலேயே இது விழுந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் வாய்மொழி உத்தரவு சட்டம் ஆகாது.

வெளிநாட்டவர் தங்கினால் படிவம் சி வழியாக 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை பழைய சட்டத்திலேயே உண்டு. விடுதி நடத்துகிறவர்கள் விவரம் தர வேண்டும் என்பதை 2025-ல் வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டமும் வைத்திருக்கிறது. அது சட்டம், அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஒரு குறிப்பிட்ட வழக்கின் விசாரணைக்கு உங்கள் பதிவேடு வேண்டுமென்றால், நிலையப் பொறுப்பு அதிகாரி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவில் எழுத்துமூலம் கேட்கலாம். அதையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த வழக்கும் இல்லாமல், எந்தச் சந்தேகமும் இல்லாமல், வருகிற எல்லாருடைய அட்டையையும் தினமும் பலர் இருக்கும் குழுவில் கொட்டு என்பதற்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

மூடுபனி

"பொதுப் பாதுகாப்பு" என்ற காரணம் போதாதா?

ஊட்டி வழக்கறிஞர்

போதாது. அந்தச் சொற்களுக்கு நீதிமன்றங்கள் வேலி போட்டு வெகுநாள் ஆகிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய பி.யு.சி.எல். வழக்கில், 1996-ல், பொதுப் பாதுகாப்பு என்றால் பொதுமக்கள் பெருவாரியாக ஆபத்தின்றி இருக்கும் நிலை என்றும், அது குலைந்திருப்பது சாதாரண மனிதர் பார்வைக்கே தெரிய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓர் அதிகாரி தன் மனதுக்குள் தேவை என்று நினைத்தால் மட்டும் ஆகாது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதே வழியில் போனார். லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே பொதுப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன்: அதற்குச் சில நாட்கள் முன்புதான் தில்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழலும் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்று வேறுவிதமாகச் சொல்லியிருந்தது. ஆகவே வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அங்கே உள்துறைச் செயலாளர் கையெழுத்திட்ட உத்தரவாவது இருந்தது. உங்கள் குழுவில் கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது.

சேரிங் கிராஸ்

ஆதார் நகல் என்னவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன். போன டிசம்பரில் ஒரு பேக்கரியில் கால் கிலோ வர்க்கி வாங்கினேன். உள்ளே எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்தால் ஒரு பெண்மணியின் முகம். மைசூர் முகவரி, பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று தெரிகிறது. ஏதோ ஒரு லாட்ஜ் பழைய ஜெராக்ஸ்களை எடைக்குப் போட்டிருக்கிறது. கடைக்காரரிடம் காட்டினேன். "தாள் சுத்தமாகத்தானே இருக்கிறது சார்" என்றார்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம், கண்ட கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவுரை நல்ல அறிவுரைதான், மக்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மறைப்பு ஆதார் வசதி இன்றும் இருக்கிறது. கேட்கிற விடுதியைத்தான் காணோம்.

பூம்பாறை பூண்டு

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். உங்கள் மலைக்கதை எங்கள் மலையிலும் நடக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், வக்கீல் ஐயா கவனியுங்கள்.

சென்ற ஆண்டு வத்தலக்குண்டில் ஒரு ஜோடியை ஏற்றினேன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். வழியெல்லாம் பேச்சே இல்லை. பெண் கழுத்தில் மஞ்சள் காயாத தாலி. டம்டம் பாறையில் டீ குடிக்க நிறுத்தியபோதும் இறங்கவில்லை. ஊர் எல்லையில் ஒரு சிறிய காட்டேஜில் விட்டேன். மறுநாள் காலை ஒரு கைபேசி அழைப்பு. "நேற்று உன் வண்டியில் வந்த பெண் எங்கே இறங்கினாள்?" யார் என்று கேட்டேன். மாமா என்றார். அவரே என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பினார். அந்தப் பெண்ணின் ஆதார் அட்டை, காட்டேஜ் மேசைமேல் வைத்து எடுத்தது. மேசை விரிப்பு எனக்குத் தெரியும், நான் அங்கே அடிக்கடி போகிறவன். எந்தக் குழுவிலிருந்து எந்தக் கைக்குப் போனதோ தெரியாது. மதுரையில் இறக்கிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வேறு வண்டியில் அனுப்பிவைத்தோம்.

வேற்றுச் சாதியில் கட்டிக்கொண்டு ஓடிவருகிற பிள்ளைகள் மலைக்குத்தான் வருகிறார்கள். 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை எல்லாரும் டிவியில் பார்த்தோம். இப்போது சொல்லுங்கள் எஸ்.ஐ. ஐயா, அந்த அட்டைப் படம் யாருடைய பாதுகாப்புக்கு?

ஓய்வு எஸ்.ஐ. கூடலூர்

பூண்டு தம்பி, நீங்கள் செய்தது சரி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஆனால் இதிலிருந்து பதிவேடே வேண்டாம் என்று தாவாதீர்கள். விவரம் நேராக நிலையத்துக்குப் போனால் ஒரு அதிகாரி பொறுப்பு. கசிந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். குழுவில் போட்டால் பொறுப்பு யாருக்கும் இல்லை. அது சோம்பேறித்தனம், பாதுகாப்பு இல்லை. இதை நான் பழைய சகாக்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஊட்டி வழக்கறிஞர்

பூண்டு சொன்னதை நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல ஆசை. தனியுரிமையையும் பாதுகாப்பையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பேசுவதே பழகிவிட்டது. ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்று. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. ஆணவக் கொலை பற்றிய சக்தி வாஹினி வழக்கில், 2018-ல், மிரட்டலுக்கு உள்ளாகும் தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் உட்பட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் காவல்துறைக்கே கட்டளை போட்டிருக்கிறது. ஒரு கையால் அவர்களைக் காக்கச் சொல்லிவிட்டு மறு கையால் அவர்கள் தங்கும் இடத்தை அறிவிக்க முடியாது.

பூம்பாறை பூண்டு

மலைக்கு வரும் வண்டிகள் வாங்க வேண்டிய இ-பாஸ் பற்றியும் கேட்க வேண்டும். 2024 மே 7 முதல் எங்களுக்கும் உங்களுக்கும் வந்தது. செல்பேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று அத்தனையும் கேட்கிறார்கள். நெரிசல் குறைய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. சனி, ஞாயிறுகளில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிக்குள்ளேயே மதியச் சாப்பாட்டை முடிக்கிறவன் நான். ஆனால் இத்தனை விவரம் எதற்கு?

ஊட்டி வழக்கறிஞர்

அளவு பற்றிப் பேச இ-பாஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில், அதற்கு அடித்தளம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று சென்னை ஐஐடியும் பெங்களூர் ஐஐஎம்மும் ஆராய, முதலில் எத்தனை வண்டி வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. பிறகு 2025 சீசனுக்கு உச்சவரம்பே வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நாடெங்கும் நடமாடும் உரிமையைப் பொதுநலனுக்காக நியாயமான அளவில் கட்டுப்படுத்த அரசமைப்பின் 19ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு அனுமதிக்கிறது. பழங்குடியினர் நலனுக்காகவும் கட்டுப்படுத்தலாம் என்று அதே உட்பிரிவில் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் மாவட்டத்தில் அந்தச் சொற்கள் தூங்கிக் கிடக்கின்றன, யாரும் எழுப்புவதில்லை.

இப்போது அளவு. எண்ணுவதற்கு எண்ணிக்கை போதும். உச்சவரம்பை நடைமுறைப்படுத்த வண்டி எண் போதும். தங்கும் இடமும் செல்பேசி எண்ணும் எதற்கு? கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ ஸ்கேன் செய்து வண்டி உள்ளே போன பிறகு அந்த விவரத்துக்கு என்ன வேலை? ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்களைப் பற்றி 2008-ல் ஒரு தீர்ப்பு தந்தது: தேடப்படும் வண்டி இல்லையென்றால் அந்த நொடியே தடயமின்றி அழித்துவிடு, அப்போது உரிமை மீறல் இல்லை. 2018-ல் அதே நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. அழித்தாலும்கூட, சோதனைக்கு உள்ளாக்கியதே உரிமையில் தலையிட்டதுதான், ஆகவே அதற்கும் தகுந்த காரணம் வேண்டும் என்றது. அமெரிக்காவில் அதே 2018-ல், கார்ப்பென்டர் வழக்கில், ஒருவரின் செல்பேசி கோபுரப் பதிவுகளை நாட்கணக்கில் வாங்கிக் கோப்பதற்கு நீதிமன்ற வாரண்டு வேண்டும் என்று தீர்ப்பு. எந்த நாடாக இருந்தாலும் ஒருநாள் விவரத்தைப் பெரிதாக நினைப்பதில்லை. அதைச் சேர்த்துக் கோத்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை கிடைத்துவிடுகிறது என்பதுதான் கவலை.

கேத்தி காட்டேஜ்

புதிதாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே ஐயா, அது காப்பாற்றாதா? வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று பத்திரிகையில் படித்தேன்.

ஊட்டி வழக்கறிஞர்

உங்களைக் கட்டுப்படுத்தும், அரசை அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. சிரிக்காதீர்கள், சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும். அப்போது, நோக்கம் நிறைவேறியதும் தரவை அழிக்கும் கடமை 8ஆவது பிரிவின்படி உங்கள் தலையில். பாதுகாப்புக் குறைபாட்டால் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். மூன்று அறை ஹோம்ஸ்டேக்கு அவ்வளவு போட மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

அரசுக்கு? 17ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவைப் பாருங்கள். அந்த அழிக்கும் கடமை அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பொருந்தாது. குற்றத் தடுப்பு, விசாரணைக்கெல்லாம் தனி விலக்கு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று அறிவிக்கை போட்டால் அந்த அமைப்புக்கு முழுச் சட்டத்திலிருந்தும் விலக்கு. வயநாடு போன்ற பேரிடர் வேளையில் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த 7ஆவது பிரிவு இடம் தருகிறது. அதை நான் வரவேற்கிறேன், எஸ்.ஐ. ஐயாவின் கேள்விக்கு அதுதான் பதில். என் சண்டை அழிக்காமல் வைத்திருப்பதோடு. கொரோனா காலத்து ஆரோக்கிய சேது நெறிமுறையில்கூட 180 நாள் வரம்பு எழுதியிருந்தார்கள். பெருந்தொற்று நேரத்திலேயே ஒரு தேதி குறிக்க முடிந்தது. சுற்றுலா வருகிறவரின் விவரத்துக்கு ஏன் முடியாது?

எந்த அரசாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: எந்தத் தேதியில் அழிப்பீர்கள்? எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் தயாராக இருக்கிறது. தேதி கேட்டால் அறையே அமைதியாகிவிடுகிறது.

மூடுபனி

ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், பிறந்து வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தரங்கம் என்பதே டவுன்காரர்களின் கவலை.

மாயார்க்கரை

அப்படியா அண்ணா? மசினகுடிப் பக்கம் வந்து பாருங்கள். நான் டவுன்காரி இல்லை.

புலியை எண்ணவும் யானையை எச்சரிக்கவும் காட்டோரம் கேமரா கட்டுகிறார்கள். யானை வந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும், எனக்கும் அதில் உயிர்ப் பயம் உண்டு. ஆனால் அதே பாதையில்தான் பெண்கள் விறகுக்குப் போகிறார்கள். அதே புதருக்குப் பின்னால்தான் ஒதுங்குகிறார்கள். மரத்தில் கட்டிய பெட்டிக்கு யானை யார், ஆள் யார் என்று தெரியாது. எடுத்த படத்தை யார் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உத்தராகண்டின் கார்பெட் காட்டில் இப்படி எடுத்த ஒரு பெண்ணின் படம் ஊருக்குள் சுற்றியதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024-ல் வெளிப்படுத்தியது. அங்கே பெண்கள் காட்டில் பாடுவதையும் சத்தமாகப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்களாம். பாட்டும் பேச்சும் யானைக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அது நின்றால் ஆபத்து கூடுகிறது. பாதுகாப்புக்காக வைத்த கருவி செய்த வேலை இது.

எங்கள் பக்கம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தப் பாதையில் கேமரா இருக்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். மனிதர் விழுந்த படத்தை அழியுங்கள்.

மூடுபனி

இது எனக்குத் தெரியாது தங்கச்சி. ஆனால் ஒரு பயம் எனக்கும் இருக்கிறது, வக்கீல் பதில் சொல்லட்டும். நாளைக்கு இதே தனியுரிமையைக் காட்டி அதிகாரிகள் தங்கள் தவறை மறைக்க மாட்டார்களா? நூறு நாள் வேலைப் பட்டியலில் போலிப் பெயரைப் பிடித்தவன் நான், தகவல் அறியும் உரிமை மனு போட்டு.

ஊட்டி வழக்கறிஞர்

நியாயமான பயம். அந்தத் தரவுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்திவிட்டது. முன்பு, தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் அந்த உட்பிரிவிலேயே தரலாம் என்றிருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். 8(2) என்ற பொதுநல வாசல் இன்னும் திறந்திருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டி மனு எழுதுங்கள். குடிமக்களைப் பற்றி அரசுக்கு எல்லாம் தெரியலாம், அரசைப் பற்றிக் குடிமக்களுக்குத் தெரியக் கூடாது என்று போகிறது காரியம். புட்டசாமி வழக்கில் நாங்கள் கொண்டாடியது இதற்காக இல்லை.

நெறியாளர்

ஒருவர் அந்த வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டை இங்கே பதிவேற்றியிருந்தார். அட்டைகள் தெரிந்ததால் நீக்கிவிட்டேன். நிலையத்தின் பெயரையோ அதிகாரிகளின் பெயரையோ குறிப்பிட வேண்டாம்.

சேரிங் கிராஸ்

ஆதார் கசிவைப் பற்றிய இழையில் ஆதாரைப் பதிவேற்றிய அந்த மகானுக்கு ஒரு வர்க்கிப் பொட்டலம் பரிசு.

கேத்தி காட்டேஜ்

எல்லாருக்கும் நன்றி. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வக்கீல் ஐயா பார்த்துத் திருத்தித் தாருங்கள்:

"ஐயா, எங்கள் விடுதியில் தங்குவோர் விவரங்களைப் பதிவேட்டில் முறையாகப் பராமரித்து வருகிறேன். பொறுப்பு அதிகாரி எந்நேரமும் வந்து பார்வையிடலாம். சட்டப்படி எழுத்துமூலம் கேட்கும் விவரங்களை உடனே தருவேன். ஆனால் விருந்தினர்களின் ஆதார் நகல்களைப் பலர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் பகிர இயலாத நிலையில் இருக்கிறேன். அவ்வாறு பகிர வேண்டும் என்று உத்தரவு இருப்பின், அது எந்தச் சட்டப் பிரிவின் கீழ் பிறப்பிக்கப்பட்டது, பகிர்ந்த விவரங்கள் யார் பொறுப்பில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஊட்டி வழக்கறிஞர்

நன்றாக இருக்கிறது. "எந்நேரமும்" என்பதை எடுத்துவிட்டு "அலுவல் நிமித்தம்" என்று போடுங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டும் உரிமையை 1962-லேயே மறுத்துவிட்டார்கள், நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆதார் சட்டத்தின் 29ஆவது பிரிவு ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். குழு என்பது பொதுவா இல்லையா என்று அவர்கள் வாதாடலாம், ஆடட்டும். இனி விருந்தினரிடம் மறைப்பு ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ வாங்குங்கள். பழைய நகல்களை எடைக்குப் போடாமல் கிழித்துவிடுங்கள்.

ஓய்வு எஸ்.ஐ. கூடலூர்

பதிவுத் தபாலில் அனுப்பாதீர்கள் அம்மா, பதில் வர நாளாகும். நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும். குழுவிலிருந்து நீங்களாக வெளியேறவும் வேண்டாம், மழை எச்சரிக்கையும் மண்சரிவுத் தகவலும் அதில்தான் வரும்.

கேத்தி காட்டேஜ்

சரி ஐயா. புதன்கிழமை போகிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

பூம்பாறை பூண்டு

அக்கா, அந்தக் கடிதத்தை நானும் எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் ஊர் காட்டேஜ்காரர்கள் நாலைந்து பேர் கேட்கிறார்கள். பெயர், முகவரியை மாற்றிக்கொள்கிறோம்.